கித்தான் பையோடு வரும் கடிதம்

ஓட்டேரி, சென்னை
கார்த்திகை 10

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். முழங்கால் வலி மழைக்கு மழை வருவதுதான். அதற்காகப் போன் செய்ய வேண்டாம். போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தடவை சொல்லி வைத்துவிடுகிறாய். இரண்டு சரி சொன்னால் ஒன்றுகூடக் காதில் ஏறவில்லை என்று அர்த்தம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை ஒருமுறையாவது படித்துவிட்டுத்தானே கிழிக்க வேண்டும்.

எதிர்வீட்டுப் பையன் சனிக்கிழமை உன் பக்கம் வருகிறான். அவனிடம் அப்பாவின் கித்தான் பையைக் கொடுத்தனுப்புகிறேன். ஆமாம், அந்தப் பைதான். எனக்கு ஒரு குறடும் ஒரு ஸ்குரூ டிரைவரும் போதும், எடுத்து வைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் உனக்கு. அக்காவிடம் சொல்லிவிட்டேன், அவளுக்கு வருத்தமில்லை. தையல் மிஷின் அவளுக்கு என்று எப்போதோ பேசி முடித்ததுதானே.

தீபாவளி கழிந்து உன் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கியபோது கண்ணில் பட்டதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டுதான் வந்தேன். குறை சொல்வதாக நினைக்காதே. நம் குடும்பத்தில் முதன்முதலாக விலை கொடுத்து ஒரு வீட்டை வாங்கியவன் நீ. தாத்தா கட்டிய இந்த வீட்டை நாங்கள் இடிந்து விழாமல் காப்பாற்றினோம், அவ்வளவுதான். மேடவாக்கத்தில் என் பிள்ளை வீடு வாங்கியிருக்கிறான் என்று ரேஷன் கடை வரிசையில் நான் சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடு வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். கேட்டாயா? "கீழ்த்தளத்தில் இருந்தால் வெள்ளம் வரும்மா" என்றாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது கீழ்வீட்டுக்காரர்கள் உன் கூடத்தில் வந்துதான் படுத்தார்கள், உண்மைதான். அதில் நீ ஜெயித்தாய். ஆனால் வெள்ளம் என்றைக்கோ ஒருநாள் வருவது. ஒழுக்கு ஒவ்வோர் ஐப்பசிக்கும் வருவது.

முதலில் அந்த ஷூ. வாசல் பக்கத்து ராக்கில், கீழ்த்தட்டில், உன் கறுப்பு ஷூ இருக்கிறதே, அதன்மேல் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சணம் பூத்திருக்கிறது. நான் தொடவில்லை. அதை வீட்டுக்குள் வைத்துத் தட்டாதே, பொடி பறந்து பாப்பாவின் மூக்கில் ஏறும். வெளியே கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, காற்றாட வை. வெயில் வந்தால் காலை வெயில் மட்டும் காட்டு. உச்சி வெயிலில் தோல் வெடித்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு பாலிஷ் போடு. தினமும் போடுகிற ஷூவில் பூஞ்சணம் வராது. சரி, அது இருக்கட்டும்.

சமையலறைக் குழாய். தம்பி, எஞ்சினியருக்குப் படித்த பிள்ளை குழாயின் வாயில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் ஓட்டேரியே சிரிக்கும். ஒழுகுகிற இடம் வாய் இல்லை, தலை. அன்று ராத்திரி நான் கீழே ஒரு பக்கெட்டை வைத்தேன். விடிவதற்குள் அரை பக்கெட்டுக்கு மேல் நின்றது. லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிற வீட்டில் இது அநியாயம் இல்லையா?

செய்யவேண்டியது இதுதான். தொட்டியிலிருந்து வருகிற வால்வை மூடு. மூடிய பிறகு குழாயைத் திறந்து, உள்ளே இருக்கிற தண்ணீரை விட்டுவிடு. கீழே வடிதொட்டியின் துளையில் ஒரு துணியை அடை, இல்லாவிட்டால் கழற்றுகிற ஸ்குரூ நேராக அதற்குள்தான் போகும்; அதற்கு அப்படி ஓர் ஆசை. பிறகு தலையைக் கழற்று. பழைய பித்தளைக் குழாயாக இருந்தால் அடியில் கறுப்பு வாஷர் இருக்கும், தேய்ந்து குழிந்திருக்கும். பையில் புது வாஷர் வைத்திருக்கிறேன். அரைச் சுற்றிலேயே திறந்து மூடுகிற புதுமாதிரிக் குழாயாக இருந்தால் வாஷர் கிடையாது. உள்ளே இருக்கிற ஸ்பிண்டிலைத்தான் மாற்றவேண்டும். அப்போது பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துக்கொண்டு போ. "இதே மாதிரி" என்று வாயால் சொன்னால் கடைக்காரர் வேறு எதையோ தருவார், நீ மூன்று தடவை நடப்பாய். மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றும்போது, திருகி முடுக்குகிற திசையிலேயே சுற்று. எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்க முடுக்க அது பிரிந்துகொண்டு வரும்.

இதற்கெல்லாம் ஆளைக் கூப்பிடாதே. பிளம்பர் வாசற்படி ஏறினாலே 500 ரூபாய். வாஷர் என்ன விலை? காலம் முழுக்க ஆளைக் கூப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை. இப்போதைக்கு.

அடுத்தது கரண்ட். மழைக்காலத்தில் எதைத் தொடுவதாக இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டுத் தொடு. சுவர் நனைந்திருந்தால் அதில் இருக்கிற சுவிட்ச் பெட்டியும் நனைந்திருக்கிறது என்றுதான் நினைக்கவேண்டும். டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்பதற்காகக் கரண்ட் இல்லை என்று நம்பிவிடாதே, டெஸ்டரே செத்திருக்கலாம். முதலில் ஓடுகிற ஒரு பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார், பிறகுதான் சந்தேகமான இடத்தில் வை. மெயின் பெட்டியில் "டி" என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்து. அழுத்தியவுடன் வீடு முழுவதும் அணைய வேண்டும். அணையவில்லையா, அதற்கு மட்டும் உடனே எலக்ட்ரீசியனைக் கூப்பிடு, காசு பார்க்காதே. ஆவடி மாமா வீட்டில் அந்தப் பொத்தானே இல்லை. உனக்கே தெரியும், நான் எழுத வேண்டியதில்லை.

அக்கா பையன் நன்றாகப் படிக்கிறான். அதைப் பிறகு எழுதுகிறேன். சுவர் விஷயம் மறந்துவிடும்.

படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாயா? நான் பார்த்தேன். சுதா கோபித்துக்கொள்ள வேண்டாம், கிழவிக்குத் தூக்கம் வரவில்லை என்றால் இப்படித்தான் எதையாவது குடைவாள். பின்னால் சுவர் முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. உப்பும் வெள்ளைதான், பூஞ்சணமும் வெள்ளைதான். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் வீண். கொஞ்சம் சுரண்டி ஒரு கரண்டித் தண்ணீரில் போடு. கரைந்தால் உப்பு. கரையாமல் மிதந்தால் பூஞ்சணம். உப்பைக் காய்ந்த தூரிகையால்தான் தள்ளவேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் அது கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும், காய்ந்ததும் திரும்பப் பூக்கும். பூஞ்சணத்துக்கு நேர்மாறு. காய்ந்த தூரிகை போட்டால் வீடு முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் காயவிட வேண்டும். மூக்கைக் கட்டிக்கொண்டு செய். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் கழிப்பறை கழுவுகிற ஆசிட்டை ஊற்றிவிடாதே, இரண்டும் சேர்ந்தால் விஷக்காற்று. பாப்பாவை அப்போது கீழ்வீட்டுக்கு அனுப்பிவிடு. அவள் காலையில் எழுந்ததும் தொடர்ந்து ஏழு தும்மல் தும்மினாள், எண்ணினேன். பீரோவைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வை. சுவருக்கும் மூச்சு விட இடம் வேண்டும்.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பெயின்டை மட்டும் வாங்கிவிடாதே. டிபன் மடிக்கிற அலுமினியத் தாளை ஒரு முழம் கிழித்து, சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டு. இரண்டு நாள் விட்டுவை. உன் பக்கத்தில் வியர்த்திருந்தால் ஈரம் அறைக்குள் இருக்கிற காற்றில். ஜன்னலைத் திற, ஈரத்துணியை அறைக்குள் கொடியில் போடாதே. சுவர்ப்பக்கத்தில் வியர்த்திருந்தால் வெளியிலிருந்தோ மேலிருந்தோ தண்ணீர் வருகிறது. எனக்கு மேலிருந்துதான் என்று படுகிறது.

மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தேன். முழங்காலோடுதான். மழைநீர் இறங்குகிற குழாய்வாயில் இலையும் மண்ணும் பிளாஸ்டிக் உறையுமாக ஓர் அடை. அதைச் சுற்றித் தண்ணீர் குளம்போல நிற்கிறது. கைப்பிடிச் சுவர் வெடிப்பில் ஓர் அரசங்கன்று, ஒரு விரல் உயரம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதை இப்போதே வேரோடு பிடுங்கு. மேலே கிள்ளினால் வேர் உள்ளே தடித்துக்கொண்டே போய்ச் சுவரைப் பிளக்கும். மாடி எல்லோருக்கும் பொது, சங்கம் ஆள் அனுப்பும் என்று நீ சொல்வாய். சங்கத்துக்கு ஒழுகவில்லை, உனக்குத்தான் ஒழுகுகிறது. பகலில் ஏறி ஒரு மணி நேரம் வேலை செய்தால் போதும். பகலில் நேரம் இருந்தால் சொல்கிறேன். 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று வந்தபோது நம் தெருவில் பதினொரு வீட்டுக்கு அப்பாதான் குழாய் இணைத்துக் கொடுத்தார். ஒரு வீட்டில்கூட இன்றுவரை அடைத்ததில்லை. அவர் பிள்ளையின் வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது.

தட்டோடுகளுக்கு நடுவே பூச்சு போயிருக்கிறது. அதை இப்போது தொடாதே, ஈரத்தில் எதுவும் பிடிக்காது. மாசி, பங்குனியில் செய். சுவருக்கு வண்ணம் அடிப்பதும் அப்படியே. எல்லோரும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று நீயும் அடிக்காதே. நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மார்கழித் தொடக்கத்திலும் கொட்டித் தீர்க்கிறது. தை முதல் தேதிக்குள் அந்தச் சுவர் எப்படிக் காயும்? உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு மேலே பெயின்டைப் பூசினால் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பித் தோலுரியும். பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்டால் போதும். சித்திரைக்கு அடி.

இந்த வீட்டு மாடி வேறு மாதிரி, உன் வீட்டோடு ஒப்பிடாதே. இது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் மூலைவாட்டமாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் தெளித்துத் தாத்தா கட்டியது. அதன்மேல் ஒரு மேஸ்திரி சிமென்ட் பூசியது நினைவிருக்கிறதா? ஒரே கோடையில் சிமென்ட் தனியாக, சுண்ணாம்பு தனியாக விட்டுக்கொண்டது. அந்த வருடம் பூஜை அறையிலேயே ஒழுகியது. அப்பா எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு போட்டார்.

குளியலறைக் கதவு உப்பிக்கொண்டு நிலையில் சிக்குகிறது. எட்டி உதைத்துத்தான் மூடுகிறாய், எனக்குக் கேட்டது. இழைப்புளியைக் கொண்டுவந்து சீவிவிடாதே. கார்த்திகையில் சீவிய கதவு சித்திரையில் ஆடும், பாச்சை நுழையும். இப்போதைக்கு உரசுகிற இடத்தில் மெழுகுவத்தியைத் தேய். கோடையில் கழற்றி அடிவிளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் பெயின்ட் அடி. தச்சர்கள் முகத்துக்கு மட்டும் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மரம் தண்ணீர் குடிப்பது அந்த விளிம்புகளில்தான். ஷவர் துளைகள் போர்வெல் உப்பில் அடைத்திருக்கின்றன. ஒரு பையில் வினிகர் ஊற்றி ஷவரின் தலையில் கட்டி ராத்திரி விட்டுவிடு, காலையில் பழைய பல்துலக்கியால் தேய். கீசரைத் திறக்க நினைக்காதே. மெயினை அணைக்காமல் எதையும் தொடாதே. சொல்லிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன்.

பால்கனியில் சன்ஷேடின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. அது கறை இல்லை. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும், அதனால் அது காரையைத் தள்ளிக்கொண்டு வரும். சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டிப் பார். திடமான சத்தம் வந்தால் நல்லது, பானையைத் தட்டியதுபோல வந்தால் அங்கே விட்டுக்கொண்டது. அது உன் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. சங்கத்தில் எழுதிக் கொடு. அதுவரை பாப்பாவை அதற்குக் கீழே நிற்க விடாதே.

கூடத்துச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பும் வெடிப்பைக் காட்டி "பயப்படணுமாம்மா" என்று கேட்டாய். இரண்டு நாளில் நீயாக வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். வெடிப்பு இருப்பதற்குப் பயப்பட வேண்டாம், வளர்ந்தால் பயப்படலாம். அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதியை எழுது. இரண்டு மாதம் கழித்துப் பார். கோட்டைத் தாண்டாவிட்டால் மாவு அடைத்து மூடிவிடலாம். தாண்டினால் ஆளைக் காட்டவேண்டும்.

நம் பின்கட்டுச் சுவரில் அப்பா போட்ட கோடுகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு முறை வெள்ளையடிக்கும்போதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வேன், ஏன் என்று நீ கேட்டதில்லை. 8-12-96. 14-1-97. 2-3-97. அவருடைய ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு இருக்கும். ஒரு வெடிப்பை மூன்று மாதம் உட்கார்ந்து அளக்கிற அளவுக்கு அவருக்கு எப்படி நேரம் கிடைத்தது என்று நீ யோசித்திருக்கிறாயா?

மில்லை மூடியதும் அப்பா அன்றே வீட்டுக்கு வந்து சொன்னார் என்றுதான் உனக்கும் அக்காவுக்கும் நான் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. ஐப்பசி தொடங்கியதிலிருந்து கார்த்திகை மூன்றாம் வாரம் வரை அவர் தினமும் காலையில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். மாலை சங்கு ஊதுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். சங்குதான் ஊதவில்லையே. தெருவில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்கள். "பராமரிப்பு ஆட்களை மட்டும் வைத்திருக்கிறார்கள்" என்றார். நானும் தலையாட்டினேன்.

எனக்கு முதல் நாளே தெரியும். தறிக்கூடத்தில் ஃபிட்டர் அவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் தலையில் பஞ்சு இல்லாமல் வீட்டுக்கு வந்ததில்லை. புருவத்தில், காது மடலில், சட்டைத் தையலில் எல்லாம் வெள்ளையாக ஒட்டியிருக்கும். உன்னைத் தூக்கினால் நீ அதை ஊதுவாய். அன்று மாலை குளிக்கப் போகும்முன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். உதறினேன், ஒன்றும் பறக்கவில்லை. அழுக்கே இல்லாத அந்தச் சட்டையை சோப்புப் போட்டு அடித்துத் துவைத்துக் கொடியில் போட்டேன். மறுநாளும் அப்படியே. ஒன்றரை மாதம், தம்பி. சுத்தமான சட்டையை ஒன்றரை மாதம் துவைத்தேன்.

டப்பாவும் கட்டினேன். முன்பைவிட நன்றாகவே கட்டினேன், வெள்ளிக்கிழமை அப்பளம்கூட வைத்தேன். அவர் அதை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது அடைமழை மாதம். நனைந்துதான் வருவார். துண்டைக் கொடுப்பேன். "வண்டி கிடைக்கவில்லையா?" என்று கேட்பேன். அதைக்கூட அவர் சொல்வதற்கு முன் நானே எடுத்துக் கொடுத்தேன், பொய் சொல்கிற சிரமம் அவருக்கு வேண்டாம் என்று.

அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பல வருடம் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அவர் வாயால் அதைக் கேட்டுவிட்டால் மறுநாளிலிருந்து பால் கணக்கு, உங்கள் பள்ளிக்கூடக் கட்டணம், மளிகைக் கடை பாக்கி எல்லாவற்றையும் நான் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். அதற்கு எனக்குப் பயம். கேட்காத வரை இல்லை என்று இருந்துவிடலாம் அல்லவா. அவர் என்னிடம் மறைத்தார், நான் தெரிந்ததை அவரிடம் மறைத்தேன். அவராவது எங்களுக்காக மறைத்தார்.

அந்தத் தீபாவளிக்கு உனக்கு எடுத்த நீலச் சட்டை, அக்காவின் பாவாடை, எனக்கு ஒரு புடவை, எல்லாம் வட்டிக்கு வாங்கிய பணம். போனஸ் என்று சொன்னார். மூடின மில்லில் ஏது போனஸ்? நான் புடவையைக் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டேன். என் இரண்டு வளையல் எங்கே போனது என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். அந்தக் கடனுக்குத்தான் போனது, மூன்று வருட வட்டியோடு. ஐப்பசி முதல் வாரத்தில் நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் கடனே இல்லை. கடைசியில் பால்காரர் நாலு பேர் முன்னால், "என்னம்மா, சார் வேறு இடம் பார்த்துவிட்டாரா?" என்று கேட்டார். அப்பா திண்ணையில் ஷூ போட்டுக்கொண்டிருந்தார். கயிற்றைக் கட்டுகிற கை அப்படியே நின்றது. அன்றிலிருந்து பொங்கல் வரை அவர் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. மறைத்த வெட்கம் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. என் முகத்தில் அதிர்ச்சி இல்லை என்பதை அவர் பார்த்துவிட்டார்.

அப்புறம்தான் இந்த வீட்டைப் பழுதுபார்க்க ஆரம்பித்தார். ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றினார். சத்தம் போடாத கீலுக்கு எண்ணெய் விட்டார். வெடிப்பை அளந்தார். என்னோடு பேசமாட்டார். ஆனால் உத்தரத்தின் மூலையில் கரையான் பார்க்க ஏறியபோது டார்ச்சை என் பக்கம் நீட்டினார். நான் பிடித்தேன். "மேலே", "இடப்பக்கம்", "ஆட்டாதே". இரண்டு மாதம் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். அந்த இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. குழாயைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

சுதா டப்பா நன்றாகத்தான் கட்டுகிறாள். நீ ஆபீசுக்குக் கிளம்பும்போது பார்த்தேன். மூடியை அழுத்தி மூடிவிட்டு, மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு பையில் வைத்து, பையின் வாரைச் சரி செய்தாள். உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாய். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அவள் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். நல்ல பெண். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொன்று. நம் தெரு முனைவீட்டுக்காரர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், உனக்குத் தெரியும். அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வீட்டுக்கடன் தவணை தவறிய பிறகு போய் நிற்பதைவிட, தவறுவதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்து பேசினால் அவர்கள் கொஞ்சம் வழி விடுவார்களாம். யாருக்கோ சொன்னார். நல்ல விஷயமாக இருந்ததால் எழுதினேன்.

பையில் இருக்கிறவை: இரண்டு ஸ்பேனர், பைப் ரெஞ்ச், சின்னச் சுத்தியல், மட்டக்கோல், டெஸ்டர், வெள்ளை டேப் மூன்று சுருள், அரை மெழுகுவத்தி, அப்பாவின் பென்சில், ஆணியும் வாஷரும் போட்ட பவுடர் டப்பா. டப்பாவை மேலாகக் கிளறிப் பார்க்காதே. ஒரு செய்தித்தாளை விரித்து முழுவதும் கொட்டிப் பார். அடியில் இருப்பதை நீயும் சுதாவும் சேர்ந்து எண்ணிக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பினால் எனக்குக் கோபம் வரும். தையலில் சேர்த்தது, வேறு எவருடையதும் இல்லை.

டார்ச் பழையதுதான், பேட்டரி புதிது. வடிதொட்டிக்கு அடியில் இருட்டு. ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் ஸ்பேனருமாகத் திருக முடியாது, மரை பிசகிவிடும். சுதாவைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்.

அம்மா